எதிர்த்துப் பேசாத குடோன்

ஓசூர்,
18.9.2024

தம்பி முனீர் அகமதுக்கு அக்கா ஹமீதுன்னிசாவின் ஸலாம்.

மூன்று முறை படுத்தேன், மூன்று முறை எழுந்தேன். நான்காவது முறை படுக்காமல் இருப்பதற்கு ஒரு வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் நலம் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நபீலா கோபித்துக்கொள்வாள். அவள் முட்டி வலி எப்படி? பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா? உன் வறட்டு இருமல் விட்டதா? எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. தூக்கம் ஐந்தரை மணி நேரம். போதும்.

போன வாரம் டாக்டரிடம் போனபோது அவர் சொன்னார்: “மனச்சோர்வு மூணு தடவை வந்துட்டா, நாலாவதா வர அதுக்கே வழி தெரிஞ்சிடும்மா. நல்லா இருக்கும்போதே கத்துக்கிட்டா தடுக்கலாம்.” எனக்கு இது உடனே புரிந்தது. சரக்கு தீர்ந்த பிறகா திருப்பூருக்கு லோடு சொல்கிறோம்? கையில் இருக்கும்போதே சொல்கிறோம். அவர் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிற வகுப்பு, எட்டு சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம். மாத்திரை அப்படியே தொடர வேண்டும், வகுப்பு அதற்கு மேல்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பொய் சொல்கிறேன் முனீர். ஜனவரி மாதம் முழுக்க நீ தினமும் கூப்பிட்டாய். “சாப்ட்டியாக்கா?” “சாப்ட்டேன்.” “மாத்திரை போட்டியா?” “போட்டேன்.” சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்ன பதில்கள் அவை. பிப்ரவரியில் மகள் ஆஃப்ஷீன் வாணியம்பாடியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்து பார்க்கிறவரை யாருக்கும் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் பொய் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. அதனால் போனில் கல்யாணம், காது குத்து, வெயில், மழை. என் உடம்பைப் பற்றி என்றால் தபால்.

நீ கல்லாவியை விட்டு வந்து நான்கு மாதம் என் குடோனைப் பார்த்துக்கொண்டாய். மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணி மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாய். “என் சந்தைக் கடையை நபீலா பார்த்துக்கறா, நல்லா ஓடுது” என்று சொன்னாய். அதற்கெல்லாம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வகுப்புதான் அந்த வார்த்தை என்று வைத்துக்கொள்.

எல்லோருக்கும் என் துஆ.

அக்கா

*

கல்லாவி,
27.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். இருமல் விட்டது. நபீலாவின் முட்டி மட்டும் படி ஏறும்போது சத்தம் போடுகிறது.

இன்லேண்டு லெட்டர் கேட்டதற்குத் தபால் ஆபீசில் முனீஸ்வரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாருக்குங்க பாய், கோர்ட்டுக்கா?” என்றார். “அக்காவுக்கு” என்றேன். “போன் கெட்டுப் போச்சா?” “போன் நல்லாத்தான் இருக்கு, அக்காதான் கெட்டுப் போயிட்டா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்.

நபீலாவுக்கு ஒரு சந்தேகம். கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள், ஏதாவது மந்திரம் சொல்லச் சொல்வார்கள், அது நமக்கு ஆகுமா என்று கேட்கிறாள். எனக்கு வேறு சந்தேகம். சும்மா உட்கார்ந்தால் கெட்ட நினைப்பு அதிகமாக வராதா? நீ படுத்திருந்ததே சும்மா படுத்திருந்ததுதானே? வேலை செய்துகொண்டே இருந்தால் மனசு வேறு பக்கம் போகாது என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதே.

நாகம்மா எப்படி இருக்கிறார்? பதினான்கு வருடமாக உன்னிடம் துணி தரம் பிரிக்கிறவர், உன்னை நன்றாகத் தெரிந்தவர். அவர் பக்கத்தில் இருப்பது எனக்கு ஆறுதல். டென்ஷன் ஆகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி முனீர்

*

ஓசூர்,
7.10.2024

முனீர், நபீலா இருவருக்கும் ஸலாம். முட்டிக்கு ஊத்தங்கரையில் காட்டாமல் கிருஷ்ணகிரியில் காட்டுங்கள். நான் சுகம். முதுகு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது மூட்டை தூக்கியதால்.

ஆயுத பூஜைக்கு முன் எல்லாக் கம்பெனியிலும் மெஷினைத் துடைப்பார்கள், உனக்குத் தெரியாததல்ல. வெள்ளை பனியன் வேஸ்டுக்கு அடிதடி. அதற்கு நடுவிலும் மூன்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

நபீலாவிடம் சொல், மந்திரம் கிடையாது. சாமி கிடையாது. சொல்லிக்கொடுப்பது பிரவீனா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் நடத்தி, தெலுங்கில் முடிக்கிறாள். பதினோரு பேர் இருக்கிறோம். அதில் லேத் பட்டறை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ராஜப்பன் என்பவர் என் பக்கத்து நாற்காலி.

முதல் நாள் ஆளுக்கு ஒரு உலர் திராட்சையைக் கையில் வைத்தார்கள். ஒன்றே ஒன்று. “இதை முன்னபின்ன பார்த்ததே இல்லேன்னு நெனச்சுப் பாருங்க” என்றாள் பிரவீனா. நான் பார்த்தேன். இரண்டாம் தரம், காம்பு கிள்ளவில்லை, மழையில் நனைந்த சரக்கு. அவள் என்னிடம் வந்து, “என்னா தோணுது அக்கா?” என்றாள்.

“கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்மா. எங்க வாங்கின?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, “வெல போடாம பாருங்கக்கா. வாங்கவும் வேணாம், விக்கவும் வேணாம்” என்றாள். இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் எதையும் நான் விலை போடாமல் பார்த்ததில்லை முனீர். வாயில் போட்டு மென்றபோது அது இனித்தது. அதில் என்ன அதிசயம் என்று கேட்காதே. போன ஆறு மாதத்தில் எனக்கு எதுவும் இனிக்கவில்லை.

உன் சந்தேகமும் சரியான சந்தேகம்தான். அதையே அங்கே கேட்டேன். நினைப்பை விரட்டுவது இல்லையாம், வந்து நிற்கிறதைப் பார்ப்பதாம். “நினைப்பு வர்றது வேற, நடந்தது வேற” என்றாள். நான் இதை என் பாஷையில் மாற்றிக்கொண்டேன். ‘லோடு கிளம்பிட்டுது’ என்று புரோக்கர் போனில் சொல்வதும், லாரி வாசலில் நிற்பதும் ஒன்றா? ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று மனசு சொன்னால் அது புரோக்கர் பேச்சு. லாரி வந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் பேச்சை நம்பிப் பணம் கொடுத்த முட்டாள் நான்.

நபீலாவுக்கு இன்னொன்று. மூச்சைக் கவனிக்கப் பழகியதும்தான், தொழுகையில் நின்றபடி எத்தனை வருடம் நான் மூட்டை எண்ணியிருக்கிறேன் என்று தெரிகிறது. இப்போது கொஞ்சம் தொழுகையில் நிற்கிறேன்.

சந்தை எப்படிப் போகிறது? கயிறும் தார்ப்பாயும் மழைக்கு நன்றாக விற்க வேண்டுமே. எழுது.

அக்கா

*

ஓசூர்,
18.11.2024

தம்பிக்கு,

நீ பதில் போட்டு ஏழு வாரம் ஆகிறது. ஸலாமும் நலமும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ தீபாவளி வியாபாரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இரு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று நபீலா போனில் சொன்னாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

ஏழாவது வகுப்பு முடிந்தது. இந்த முறை ஒரு தாள் கொடுத்தார்கள். நோய் திரும்ப வருவதற்கு முன்னால் அவரவருக்கு என்ன அடையாளம் தெரியும் என்று எழுதச் சொன்னார்கள். ராஜப்பன் ‘ஷேவ் பண்ண மாட்டேன்’ என்று எழுதினார். ஒரு பெண் ‘போனை எடுக்க மாட்டேன்’ என்று எழுதினாள். நான் அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரே வரி எழுதினேன்: ‘பேரம் பேச மாட்டேன்.’

இதைக் கேள். போன ஜனவரியில் பர்ச்சேஸ் மேனேஜர் சிவராஜ் கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைத்தார். நான் “சரி சார்” என்றேன். அவர் அசந்துபோய் எனக்கு டீ சொன்னார். திருப்பூர்க்காரன் ஈரத் துணியை ஏற்றி அனுப்பினான், “பரவால்ல” என்றேன். நாகம்மா வெள்ளையில் கலர் கலந்துவிட்டாள், திட்டவில்லை. குடோனில் எல்லோரும், “பாயம்மா தங்கமா மாறிட்டாங்க” என்றார்கள். மனசு பக்குவப்பட்டுவிட்டது, ஹஜ் ஆசை வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. நீயும் சொன்னாய் முனீர். “இப்பதான் அக்கா நீ நிம்மதியா இருக்கற” என்று போனில் சொன்னாய்.

அது நிம்மதி இல்லை. நான்கு ரூபாய் போனால் என்ன, நாற்பது போனால் என்ன, நானே போனால் என்ன என்று இருந்தேன். சிவராஜிடம் “சரி சார்” சொல்லிவிட்டு வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். நான் செத்துக்கொண்டிருந்ததை எல்லோரும் நல்ல குணம் என்று பாராட்டினீர்கள்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்? இப்போது தெரிந்துகொண்டேன், உனக்கும் சொல்கிறேன். அடுத்த முறை வருமுன் சொல்வேன், வந்த பிறகு அல்ல. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

துஆவுடன்,
அக்கா

*

கல்லாவி,
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நாங்கள் நலம்.

உன் கடிதத்தை நபீலாவுக்கும் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள். நான் சொன்னது உண்மைதான். ‘இப்பதான் நிம்மதியா இருக்கற’ என்று சொன்ன வாய் இதுதான். போனை வைத்துவிட்டு நபீலாவிடம், ‘அக்கா மாறிட்டா, சண்டையே போட மாட்டேங்கறா’ என்று சந்தோஷப்பட்டேன்.

நீ எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே. குடோனில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தாதே. உனக்கு அமைதிதான் முக்கியம். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும், ஒன்றும் செய்யவில்லை. துஆ செய்கிறேன், அவ்வளவுதான்.

சந்தை நடக்கிறது.

தம்பி முனீர்

*

ஓசூர்,
12.12.2024

தம்பிக்கு ஸலாம். அங்கே பனி எப்படி? இங்கே காலை எட்டு மணி வரை லாரி விளக்கு போட்டுக்கொண்டு போகிறது. உன் நெஞ்சுச் சளிக்குக் கம்பளி போட்டுக்கொள்.

வகுப்பு நவம்பர் இருபத்து மூன்றோடு முடிந்தது. கடைசி நாள் ராஜப்பன் எல்லோருக்கும் மைசூர்பாகு கொண்டுவந்தார். “வெல போடாம தின்னுங்கம்மா” என்றார் என்னிடம். டாக்டர் மார்ச் வரை மாத்திரையில் கை வைக்க வேண்டாம் என்றிருக்கிறார். அதன் பிறகு குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார்.

மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது. குடோனில் இரண்டு மூட்டை அடுக்குக்கு நடுவில் நின்று செய்கிறேன். முதலில் இப்போது உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பது, பிறகு மூச்சு, பிறகு உடம்பு முழுக்க. அவ்வளவுதான். பிடித்திருக்கிறது.

குடோன் இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. நாகம்மா எது சொன்னாலும், “சரிங்க பாயம்மா” என்கிறாள். மற்ற பெண்களும் அப்படித்தான். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

கல்லாவி,
4.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன்னிடமிருந்து மூன்று வாரமாகத் தபால் இல்லை. போனில் இரண்டு முறை பேசினாய். இரண்டு முறையும் ஆஃப்ஷீன் குழந்தைக்குப் பல் முளைத்த கதை. நீ சொன்னபடி போனில் உன் உடம்பைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் உன் குரல் மெதுவாக இருந்தது.

ஒரு வரி போடு. நபீலாவும் கேட்கிறாள்.

தம்பி

*

கல்லாவி,
11.1.2025

அக்காவுக்கு,

வருமுன் சொல்வேன் என்று எழுதினாயே? அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக நீ குடோன் பக்கமே வரவில்லை என்று நாகம்மா சொல்கிறார். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இதற்குத்தானா எட்டு வாரம் போனாய்? பொங்கல் கழித்துத் திங்கட்கிழமை பையோடு புறப்பட்டு வருகிறேன். எத்தனை மாதம் ஆனாலும் இருப்பேன்.

முனீர்

*

ஓசூர்,
17.1.2025

தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

‘வராதே, கடிதம் வருகிறது’ என்று நேற்று போனில் மூன்று வார்த்தை சொன்னேன். நான் எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலை வாரியிருக்கிறேன். காலையில் இரண்டு தோசை சாப்பிட்டேன். நபீலாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படி.

டிசம்பர் கடைசியில் நான்கு மணிக்கே விழிப்பு வர ஆரம்பித்தது. குடோனில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. பதினான்கு வருடமாக, “கண்ணு தெரியலியா பாயம்மா, இதப் போயி வெள்ளைன்றீங்க?” என்று கேட்ட நாகம்மாவின் வாய், “சரிங்க, சரிங்க” என்றது. எனக்கு ஒரு நினைப்பு வந்தது. குடோன் பெண்கள் எல்லோரும் எலக்ட்ரானிக் கம்பெனி வேலைக்குப் போகப் போகிறார்கள், வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ் வருகிறது, சொல்ல வாயில்லாமல் இருக்கிறார்கள். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று: நான் யாருக்கும் வேண்டாம். அதற்குப் பின்னால் வழக்கமாக வருவதெல்லாம் வரிசையாக வந்தது. உனக்கு எழுதப் பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. மற்றதை எழுத வெட்கமாக இருந்தது. இத்தனை பேச்சு பேசினேனே. வாக்கை மீறியது நான்தான், அதில் மழுப்பல் இல்லை.

ஏழாம் தேதி சிவராஜ் அடுத்த மூன்று மாத ரேட் பேசக் கூப்பிட்டார். மூன்று ரூபாய் குறைத்தார். நான் “சரி சார்” என்று கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். கால் நின்றுவிட்டது. ‘சரி சார்’ என்று சொன்னது யார்? அடுத்த வண்டி ஏறி வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் உடம்பு கேட்டது. பஸ் ஸ்டாப்பில் ஷிப்டு முடிந்து வந்த ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டேன். மூன்று நிமிடம். உள்ளே பார்த்தேன்: பயம். மூச்சு: நெஞ்சுக்கு மேலேயே ஓடியது. உடம்பு: தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது. அதனால் பயம் ஒன்றும் போய்விடவில்லை முனீர், ஜாலம் இல்லை. ஆனால் ‘நான் முடிந்தேன்’ என்பது போய், ‘அந்த அடையாளம் வந்திருக்கிறது’ என்று ஆனது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். வீட்டு வண்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வண்டி ஏறினேன்.

டாக்டர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார். பிரவீனா மூன்று நாள் தினமும் வரச் சொன்னாள். அந்த மூன்று நாள்தான் நான் குடோனுக்குப் போகாதது. காலையில் ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி நடை, பிறகு அவளிடம். நான் முழுக்கச் சொன்னதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவங்களுக்கு நீங்க வேணாம்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?”

லாரி வந்ததா என்று போய்ப் பார்க்கவில்லை நான். சனிக்கிழமை குடோனுக்குப் போனேன்.

“நாகம்மா, ஏன் யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கறீங்க? நேரா சொல்லு.”

“பேசறோமே பாயம்மா.”

“‘சரிங்க பாயம்மா’ன்றது பேச்சா? கம்பெனிக்குப் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. தடுக்க மாட்டேன்.”

“எந்தக் கம்பெனிக்கு? எனக்கு அம்பத்தெட்டு வயசாவுது, என்னை யாரு பஸ்ஸு வுட்டு இட்டுக்கினு போறாங்க?” என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ தேவுரே! எல்லாம் உங்க தம்பியால வந்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி போன் போட்டாரு. ‘அக்காவ எதுத்துப் பேசாதீங்க, எது சொன்னாலும் சரின்னு சொல்லுங்க, தப்பு சரக்கு வந்தா மறச்சிடுங்க, டென்ஷன் ஆனா மறுபடி படுத்துக்குவாங்க’ன்னாரு. ரெண்டு நாளுக்கு ஒருக்கா போனு. வாயை மூடி மூடி எனக்குத் தாடையே வலிக்குது பாயம்மா!”

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. திருப்பூர் மூட்டையில் பாதி ஜிப்பும் பட்டனும், மெஷினைக் கீறிவிட்டால் யார் பதில் சொல்வது? மூலை லைட் எரிந்து ஒரு மாதம் ஆகிறது. டீ தண்ணியாக இருக்கிறது. வெளிர் மஞ்சளை வெள்ளையில் போடச் சொன்னது நான்தான், அவள் அல்ல. நான் அவள்தான் என்றேன். அவள் மூட்டையையே இழுத்து வந்து என் காலடியில் கொட்டினாள். அரை மணி நேரம் அந்தக் குடோன் இரண்டாகப் பிளந்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். “பாத்தீங்களா, சொன்னாரில்ல தம்பி!” என்று நாகம்மா பயந்துவிட்டாள். “இது அது இல்லடி” என்றேன்.

சிவராஜிடமும் போனேன். உடம்பு சரியில்லாதபோது ஒத்துக்கொண்டது என்று ஒளிக்காமல் சொன்னேன். “புரியுதுக்கா, ஆனா கையெழுத்து ஆயிடுச்சே” என்றார். நியாயம்தான். சொன்ன சொல் சொல்தான். ஏப்ரலில் பார்த்துக்கொள்கிறேன் அவரை.

இப்போது உனக்கு. நீ செய்தது அன்பால் செய்தது, எனக்குத் தெரியும். ஆனால் என் அடையாளத்தை நானே பார்க்க முடியாதபடி எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டாய். என்னோடு சண்டை போட ஆள் இருந்தால்தான், நான் சண்டை போடுகிறேனா இல்லையா என்று தெரியும். இதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. எனக்குச் சொல்லாமல் இதை ஏன் செய்தாய் என்பதை மட்டும் எழுது.

அக்கா

*

கல்லாவி,
25.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிட்ட இரண்டு தோசையை நபீலாவிடம் முதலில் சொன்னேன். பிறகுதான் மற்றதைப் படித்தேன். அவள் என்னைத் திட்டிய திட்டில் உன் பங்கும் சேர்ந்துவிட்டது.

ஏன் செய்தேன் என்று கேட்டாய். பிப்ரவரியில் ஒரு நாள் நான் கஞ்சி கொண்டுவந்தபோது நீ சொன்னாய், உனக்கு நினைவிருக்காது: “நான் இல்லன்னா உங்க எல்லாருக்கும் லேசா போயிடும்டா.” நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து உன் போன் ராத்திரியில் அடித்தால் செருப்பைத் தேடிக்கொண்டேதான் எடுக்கிறேன். உன் அடையாளத்தைப் படித்ததும், உனக்கு ஒரு இடைஞ்சலும் வராமல் பார்த்துக்கொண்டால் அது வராது என்று நினைத்தேன். பாறை விழும் என்று பயந்து ரோட்டில் ஆளே நடக்கக்கூடாது என்கிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தை எப்படிப் போகிறது என்று கேட்டாய், நடக்கிறது என்று எழுதினேன். சந்தையில் என் இடம் போய்விட்டது அக்கா. பஸ் நிற்கிற பக்கம் நுழைந்ததும் முதல் இடம், பதினெட்டு வருடம் போட்ட கடை. நபீலா முட்டியோடு எத்தனை நாள் தார்ப்பாய் தூக்குவாள்? இரண்டு வாரம் போட்டாள், பிறகு முடியவில்லை. வாரா வாரம் போடுகிறவனுக்குத்தான் இடம் என்பது சந்தை வழக்கம். மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் யார் விடுவார்? முனிசாமி பாத்திரக் கடை போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. இப்போது ஆடு விற்கிற மூலையில் போடுகிறேன். சொன்னால் நீ உன்மேல் போட்டுக்கொள்வாய் என்று மறைத்தேன்.

எனக்கும் சில நிபந்தனை இருக்கிறது. நாகம்மாவிடம் பேசாதே என்றால் பேசவில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார என்னால் முடியாது. இதற்கு ஒரு வழி சொல்.

தம்பி முனீர்

*

ஓசூர்,
12.2.2025

தம்பி முனீருக்கும் நபீலாவுக்கும் ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாற அரை மணி, மற்றபடி சுகம். நபீலா கட்டிக்கொடுத்த புளிச்சோறு கெடவில்லை.

உன் கடிதத்தில் சந்தை இடம் போன வரியைப் படித்ததும் ‘எல்லாம் உன்னால்’ என்று மனசு ஆரம்பித்தது. அதைப் பார்த்தேன், வந்தது வந்தபடி நின்றது. அதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குச் செய்ய வேண்டியது படுப்பது இல்லை, பஸ் ஏறுவது. அதனால்தான் சொல்லாமல் சந்தை நாளில் வந்து நின்றேன். ஆட்டுக்கு நடுவில் நீ கயிறு விற்பதைப் பார்த்தேன். “இன்னாங்க பாய், ஆடு வாங்கினா கயிறு இலவசமா?” என்று கேட்டவனை நீ சும்மா விட்டாய். நான் விடவில்லை. இரண்டு ஆடும் மூன்று கயிறும் வாங்க வைத்தேன்.

இழப்பை நான் சரிக்கட்டுகிறேன் என்றதற்கு நீ எழுந்தே போய்விட்டாய். நபீலாதான், “அத வுடுங்கக்கா, அவரு செஞ்சத வெல போடாதீங்க” என்றாள். போடவில்லை. நான்கு மாதம் நீ என் உயிரைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். அதற்கு நன்றி முனீர். நம் வீட்டில் இந்த வார்த்தை பழக்கமில்லை, எழுத்திலாவது இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தியதற்கும் சேர்த்தே சொல்கிறேன், பயத்தில் சாத்தியவன் நீ.

அன்று சாயந்திரம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்ததை எழுதி வைக்கச் சொன்னாய். எழுதிவிட்டேன். நாகம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள், “எனக்கு வாய் இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களா?” என்று கேட்டு ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்டது இது. மாதம் இரண்டு கடிதம் நான் போடுவேன். நீ ஐந்து கேட்டாய், இரண்டில் முடிந்தது. நன்றாக இல்லை என்றாலும் அந்தத் தேதிக்குப் போடுவேன், ஒரு வரியாவது. மாத்திரை டாக்டருக்கும் எனக்கும் நடுவில், போனில் அதைப் பற்றிக் கேள்வி கிடையாது. நீ நாகம்மாவுக்குப் போன் போடக்கூடாது. நாகம்மா உனக்குப் போடலாம், நான் மூன்று நாள் தொடர்ந்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றால் மட்டும், அதுவும் என் எதிரில் நின்று. என்னோடு சண்டை போட அவளுக்கும், உனக்கும், நபீலாவுக்கும் முழு உரிமை, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும். நாகம்மா கூப்பிட்டால் நீ வரலாம். நீ நான்கு மாதம் என்றாய், நான் ஒரு ராத்திரி என்றேன், நபீலா இரண்டில் முடித்து வைத்தாள். இரண்டு ராத்திரி. அதற்குமேல் டாக்டர், பிரவீனா, ஆஃப்ஷீன் என்று முறை போட்டுக்கொள்வோம். மூன்றாம் நாள் காலையில் நீ கல்லாவியில் இருக்க வேண்டும், ஒரு சந்தை நாளிலும் உன் இடம் காலியாகக் கிடக்கக்கூடாது.

அக்கா ஹமீதுன்னிசா